வெளியீட்டுக் குறிப்பைத் திருத்தலாம், பொதியைத் திருத்தலாமா?

கேள்வி: சிறு கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி, காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை பல கடைகளில் நிறுவிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்பதைச் சொல்லும் வெளியீட்டுக் குறிப்பு, கடைகளில் நிறுவும் பொதிக்குள்ளேயே இருப்பதால், பிற்பாடு ஏதேனும் சிக்கல் தெரியவரும்போது அதைத் திருத்தி, 2.3 என்ற அதே எண்ணிலேயே பொதியை மீண்டும் உருவாக்குகிறோம். இப்போது 2.3 உள்ள இரு கடைகளில் மென்பொருள் வெவ்வேறு விதமாக இயங்குகிறது. குறிப்பைத் திருத்தாமல் விடுவதுதான் வழியா?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: வேண்டியதில்லை. குறிப்பைத் திருத்தியது சரியே. அதற்காகப் பொதியை மீண்டும் உருவாக்கியதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் மென்பொருள் சார்ந்திருக்கும் நிரலகங்களுக்கு (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களுக்கு) "4.1 அல்லது அதற்கு மேல்" என்பதுபோல எல்லை மட்டும் குறித்திருந்தால், முதல் முறை 4.1 உள்ளே வந்திருக்கும். அடுத்த மாதம் குறிப்பில் ஒரு வரியை மாற்றிப் பொதியாக்கியபோது, நீங்கள் கேளாமலே 4.2 வந்து புகுந்திருக்கும்.

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் குறிப்பு, பொதி இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அதன் வெளியீட்டுக் குறிப்பு தனி ஆவணம் என்பதால் வெளியீட்டுக்குப் பிறகும் திருத்தப்படுகிறது. நிறுவற் கோப்புகளோ, கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்புத் தொகையோடு அப்படியே நிற்கின்றன. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்புக்கான திருத்தங்கள் அடுத்த மாதமே 12.1 என்ற புது எண்ணில் வந்தனவே தவிர, பழைய கோப்புக்குள் நுழைக்கப்படவில்லை.

நீங்களும் குறிப்பை வெளியே எடுத்து, பொதிக்குள் அதன் இணைய முகவரியை மட்டும் விடுங்கள். இணைய வசதியில்லாத கடைக்குப் போகும்போது அன்றைய குறிப்பைப் பென் டிரைவில் தனிக் கோப்பாகக் கொண்டுபோகலாம். பழைய வரியை அழிக்காமல், "2.3: பற்றுச்சீட்டில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாக அச்சானால் எழுத்துருவைத் தனியாக நிறுவவும்" என்பதுபோலத் திகதியிட்டுக் கீழே சேருங்கள். ("பல சிறு பிழைகள் திருத்தப்பட்டன" என்று எழுதுவது கடைக்காரருக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது.)

நிரலகங்களின் துல்லியமான பதிப்பு எண்களைப் பூட்டுக் கோப்பில் (lock file) பதிந்து, அதிலிருந்து மட்டுமே பொதியாக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களை நிறுவித் தரும் என்பிஎம் (npm) பயன்படுத்துவோருக்கு 'என்பிஎம் சிஐ' (npm ci) என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. பூட்டுக் கோப்போடு பொருந்தாவிட்டால் அது நின்றுவிடும். அந்த நிரலகங்களின் பிரதிகளையும் உங்களிடமே வைத்திருப்பது நல்லது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரி நிரலகத்தை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து விலக்கியபோது, அதை நேரடியாகப் பயன்படுத்தாமல் வேறு நிரலகங்கள் வழியாகச் சார்ந்திருந்தவர்களின் பொதியாக்கம்கூட உலகெங்கும் முறிந்தது.

ஏற்கெனவே பரவிவிட்ட 2.3 பொதிகளில் எது எந்தக் கடையில் இருக்கிறது என்பதை ஷா256 (SHA-256) என்ற சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். பிறகு பூட்டுக் கோப்போடு 2.3.1ஐ உருவாக்கி எல்லாக் கடைகளிலும் நிறுவி, 2.3 எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட பொதிகள் வெளிவந்ததையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.