ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் வருகிறது, கேம் ஆடினால் மட்டும் ஏன் லேக் அடிக்கிறது?

இதே தொல்லையில் நான் மூன்று மாதம் கிடந்தேன். வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் பாதி ரவுண்டுக்குள் பிங் (டேட்டா போய்த் திரும்பி வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) 40லிருந்து 300க்கு எகிறும். நான் சுட்டது எவன் மேலும் படாது, எதிராளி சுட்டது மட்டும் கச்சிதமாக என் மேல் படும். நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். மாதக் கட்டணம் கூடியதுதான் மிச்சம்.

கேமுக்கு வேண்டியது வேகமே இல்லை. பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. சின்னச் சின்ன டேட்டா பொட்டலங்கள் தாமதமில்லாமல், ஒன்றுகூடத் தொலையாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஸ்பீடு டெஸ்ட் காட்டும் பெரிய எண்ணில் இது தெரியாது.

அதனால் முதலில் கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பாருங்கள். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து உங்கள் ரவுட்டருக்கே பிங் ஓட விடுங்கள் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1; ping 192.168.1.1 -t என்று அடித்தால் நிற்காமல் ஓடும்). இன்னொரு ஜன்னலில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கு ஓட விடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு கேம் ஆடுங்கள். ரவுட்டருக்கான பிங்கே தாவினால் குற்றவாளி வைஃபை. எனக்கு 2, 3, 2, 180, 3 என்று வந்தது, நடுநடுவே பதிலே வராமலும் போனது. கஸ்டமர் கேரில் நான் திட்டிய அத்தனை பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

எழுந்து போய்ப் பார்த்தால், ஒயர் வந்த இடத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே ஹாலில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால். என் அறை மாடியில். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இதையெல்லாம் தாண்டி வர முடியாமல், லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த 2.4இல்தான் அக்கம்பக்கத்து வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெரிசலாகக் கிடக்கின்றன. அம்மா பால் சுட வைக்கும் நேரத்தில் கேமில் நான் செத்துப்போனது தற்செயல் இல்லை. 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். காலியாக இருப்பது எதுவோ அதை ரவுட்டர் செட்டிங்கில் வையுங்கள். நடுவில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் வரும்.

ரவுட்டரை மாடிப்படி ஓரத்துக்கு மாற்றியதும் 180 என்பது 30 ஆனது. அப்புறம் பழைய கேபிள் டிவி ஒயர் வந்த ஓட்டை வழியாக 25 மீட்டர் கேட் 6 லேன் கேபிளை இழுத்தேன். சில நூறு ரூபாய்தான். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். அன்றிலிருந்து ரவுட்டர் பிங் 1ஐத் தாண்டவில்லை. கேபிள் போட முடியாதென்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் ஆடுங்கள். வைஃபை சிக்னலை நீட்டித் தரும் மலிவான ரிப்பீட்டர் வாங்காதீர்கள். அது வாங்கிய சிக்னலை அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் தாமதம்தான் கூடும்.

இதோடு முடியவில்லை. ராத்திரி பத்து மணி வாக்கில் மறுபடி லேக். இந்த முறை ரவுட்டர் பிங் 1, ஆனால் 8.8.8.8க்கு 200. அக்கா போனைச் சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப் ஆகத் தொடங்குமாம். அப்லோடு வழி நிரம்பிவிட்டால் கேமின் குட்டிப் பொட்டலம் வரிசையில் நிற்கும். தீப்பெட்டி வாங்க வந்தவன் மாதச் சாமான் லிஸ்ட்காரருக்குப் பின்னால் நிற்பது மாதிரி. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் வசதி இருந்தால் ஆன் செய்து, அப்லோடை உங்கள் லைன் தருவதில் 85, 90 சதவீதத்தோடு நிறுத்துங்கள். என் ரவுட்டரில் அது இல்லை. பேக்கப் ஞாயிறு காலையில் மட்டும் என்று அக்காவோடு ஒப்பந்தம் போட்டேன்.

பிங் தாவாமல் எப்போதும் ஒரே சீராக 120 என்று நின்றால் அது வேறு கதை. கேமில் எந்த ஊர் சர்வர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

200 பிளானை போன மாதம் திரும்ப 100க்கு இறக்கிவிட்டேன். பிங் அதே 40தான்.