எக்ஸ்மாஸை மாஸ் என்று மாற்றியதும் விடை பூஜ்யமானது ஏன்?

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் 1980-களில் ஃபோர்ட்ரான் 77 என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்றை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மாறிகளின் பெயர்கள் கண்டபடி இருந்ததால் இரண்டைத் திருத்தினேன். எலக்ட்ரானின் நிறையை (0.511) வைத்திருந்த ‘எக்ஸ்மாஸ்’ என்ற மாறியை ‘மாஸ்’ ஆக்கினேன். ‘கவுண்ட்’ என்ற சொல்லை சி-க்குப் பதில் கே போட்டு எழுதியிருந்தார்கள், அதையும் சரியான ஸ்பெல்லிங்குக்கு மாற்றினேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் ஆற்றல் முழுக்க பூஜ்யமாக வருகிறது. பெயரை மாற்றினால் கணக்கு எப்படி மாறும்?

பதில்: முதலில் அந்த இரண்டு பெயர்களையும் பழையபடியே வைத்துவிடுங்கள். பெயரோடு சேர்த்து அந்த மாறிகளின் வகையையும் மாற்றிவிட்டீர்கள்.

ஃபோர்ட்ரானில் ஒரு மாறியை அறிவிக்காமல் பயன்படுத்தினால், அதன் முதல் எழுத்தைப் பார்த்துக் கம்பைலரே வகையை முடிவு செய்துகொள்ளும். ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் முழு எண். வேறு எதில் தொடங்கினாலும் தசம எண். ‘மாஸ்’ எம்-இல் தொடங்குகிறது. 0.511-ஐ முழு எண் மாறியில் போட்டால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும், மிஞ்சுவது 0. நிறையால் பெருக்கிக் கணக்கிடும் ஆற்றலும் அப்போது பூஜ்யம்தானே. எழுதியவர் எக்ஸை முன்னால் ஒட்டியதே இதைத் தவிர்க்கத்தான்.

கவுண்ட் விஷயம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் தவறு உடனே தெரியாது. கே-யில் தொடங்கியபோது அது முழு எண். சி-க்கு மாற்றியதும், நிரலில் வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், ஒற்றைத் துல்லியத் தசம எண் (32 பிட்டில் வைக்கப்படுவது) ஆகிவிடும். அதில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 1,67,77,216 வரை ஒழுங்காக எண்ணும். அதற்கு மேல் எத்தனை முறை ஒன்றைக் கூட்டினாலும் எண் நகராது, அடுத்த எண்ணைக் குறிக்க 24 பிட் துல்லியத்தில் இடம் இல்லை. சின்ன உள்ளீட்டில் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

இப்படி ஒரு விதி எங்கிருந்து வந்தது? ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரானை உருவாக்கினார்கள். 1956 அக்டோபரில் கையேடு வந்தது, 1957-இல் கம்பைலர் வந்தது. அந்த முதல் ஃபோர்ட்ரானில் மாறியின் வகையை அறிவிக்கத் தனி வரியே கிடையாது. பெயர்தான் அறிவிப்பு! கணிதத்தில் கீழ்க்குறிக்கு ஐ, ஜே, கே என்றும் எண்ணிக்கைக்கு என் என்றும் எழுதுவது ஏற்கெனவே இருந்த பழக்கம். அதையே மொழியின் இலக்கணமாக்கினார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: அன்றைய ஃபங்ஷன் பெயர்களில் முன்னால் எக்ஸ் வந்தால் விடை முழு எண் என்று பொருள், மாறிகளுக்கு நேர் எதிர். வகையைத் தனியாக அறிவிக்கும் வசதி 1960-களின் தொடக்கத்தில், ஃபோர்ட்ரான் நான்கில்தான் வந்தது. அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. ஒரு வரி மிச்சம் என்று அதன்பிறகும் பல பத்தாண்டுகள் கே போட்டே எழுதினார்கள்.

பெயர்கள் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். 704-இல் ஒரு சொல் (நினைவகத்தின் ஓர் அலகு) 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆக, ஆறு எழுத்துப் பெயர் ஒன்று நினைவகத்தின் ஒரு சொல்லில் கச்சிதமாக அடங்கும். 6 பிட்டில் 64 குறிகளுக்குத்தான் இடம் என்பதால் சிறிய எழுத்துகளும் இல்லை. இயந்திரம் மறைந்த பிறகும் அந்த ஆறு எழுத்து வரம்பு ஃபோர்ட்ரான் 77 வரை தரத்தில் நீடித்தது. ஃபோர்ட்ரான் 90-இல்தான் 31 ஆனது, 2003 தரத்தில் 63. வணிகக் கணக்குக்கென வந்த கோபால் என்ற நிரல்மொழியோ தொடக்கத்திலிருந்தே 30 எழுத்து வரை, நடுவில் சிறு கோடு போட்டு எழுத விட்டது. அதனால் 36 பிட்டைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போடுகிறவர்களுக்கு ஆறு எழுத்து போதும் என்று அன்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் நிரலில் ‘டிஜிஇஎஸ்வி’ போன்ற பெயர்கள் இருந்தால் கை வைக்காதீர்கள். அது லாபேக் என்ற அணிக் கணக்கு நூலகத்தில் உள்ள ஆயத்த நிரல். டி என்றால் இரட்டைத் துல்லியம், ஜிஇ என்றால் பொது அணி, எஸ்வி என்றால் சமன்பாட்டுத் தீர்வு. ஆறு எழுத்துக்குள் அடக்கவே இப்படிச் சுருக்கினார்கள். பைத்தான் மொழியில் நம்பை என்ற எண் கணக்கு நூலகத்தின் ‘சால்வ்’ இன்றும் இந்தக் குடும்பத்தைத்தான் அழைக்கிறது.

சரி, பெயர்களை மாற்றவே கூடாதா? தாராளமாக மாற்றலாம், வரிசையாகச் செய்யுங்கள். நிரலின் தலைப்பில் ‘இம்ப்ளிசிட் ரியல்*8 (ஏ-ஹெச், ஓ-இசட்)’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இயற்பியல் நிரல்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் ஐ முதல் என் வரை தவிர மற்றவை எல்லாம் இரட்டைத் துல்லியம். குறித்துக்கொண்டு அந்த வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சப்ரூட்டீனிலும் (துணை நிரலிலும்) ‘இம்ப்ளிசிட் நன்’ என்று போடுங்கள். கம்பைல் செய்தால் அறிவிக்காத மாறிகள் அத்தனையும் பிழைப் பட்டியலாக வந்து விழும். பழைய விதிப்படியே ஒவ்வொன்றையும் அறிவியுங்கள். பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்போன பிறகு பெயரைத் தொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. அப்புறம் மாஸுக்கு எக்ஸ் தேவையில்லை.

பல சப்ரூட்டீன்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பகுதியான ‘காமன்’ பிளாக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பெயரைப் பார்த்துப் பொருத்துவதில்லை, இடத்தைப் பார்த்துத்தான். நடுவில் ஒன்றின் வகை மாறி அளவு கூடினால் பின்னால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போகும். தனித்தனிக் கோப்புகளில் உள்ள சப்ரூட்டீன்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு: இங்கிருந்து தசம எண் அனுப்பி அங்கே முழு எண்ணாக வாங்கினால், வழக்கமாகக் கம்பைலருக்குத் தெரியாது. அனுப்பியது ஒற்றைத் துல்லிய 1.0 என்றால் அங்கே 1065353216 என்று தெரியும். உங்கள் அச்சில் அந்த எண் வந்தால், அந்த அழைப்பின் இரு பக்கமும் உள்ள முதல் எழுத்துகளைப் பாருங்கள்.