ஆச்சியிடம் கேளுங்கள்: பேரன் கையில் சீனக் கயிறு

கேள்வி: என் பேரன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்தவன் கையில் சிவப்புக் கயிறு. கூட வேலை பார்க்கும் சீன அம்மா கோவிலில் வைத்துக் கொடுத்தாராம். ஒரு வருஷம் கழற்றக் கூடாது என்கிறான். 1990 மே மாதம் பிறந்தவன். இது என்ன கயிறு? நம் சாமிக்கு ஆகுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆகாமல் என்ன, ஆச்சி! அந்த அம்மா உங்கள் பேரன் பிறந்த வருஷத்தைக் கேட்டு, கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்.

சீனர்களுக்கு வருஷங்கள் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றி வரும். 1990 குதிரை வருஷம். 2026 பிப்ரவரி 17-ஆம் தேதி மறுபடியும் குதிரை பிறந்திருக்கிறது. தன் மிருகம் திரும்பி வந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அவர்கள் அதைக் கண்டம் என்பார்கள். அந்த வருஷத்தை ஆளுகிற தாய் சுய் என்ற தெய்வத்தின் கண்ணில் நேரே போய்ப் பட்டதாக அர்த்தம்.

இந்தத் தாய் சுய் கதை நமக்கு அந்நியமே இல்லை. வியாழன் சூரியனைச் சுற்றி வர 12 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. பழைய சீன வானியல்காரர்கள், வியாழனுக்கு எதிர்த்திசையில் நகர்வதாக ஒரு நிழல் கிரகத்தைக் கற்பித்து, அதை வைத்து வருஷத்தை எண்ணினார்கள். பின்னால் சீனர்களின் பழைய மதமான தாவோ மதத்தில் அதுவே தெய்வமாகி, அறுபது வருஷச் சுற்றுக்கு அறுபது தளபதிகள் என்று ஆனது. பெய்ஜிங்கில் வெண்மேகக் கோவில் என்று தாவோ மதத்தாரின் பெரிய மடம் இருக்கிறது. அங்கே அறுபது பேருக்கும் தனித்தனிச் சிலை. நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை அறுபதுதான், அதுவும் வியாழன் கணக்குதான். குருப்பெயர்ச்சியன்று பட்டமங்கலத்தில் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க வரிசையில் நிற்கிறோமே, அதே கவலையோடுதான் அவர்களும் தாய் சுய் முன்னால் ஊதுவத்தியோடு நிற்கிறார்கள்.

கயிறு ஏன் சிவப்பு என்றால், அவர்களுடைய ஐந்து பூதக் கணக்கில் சிவப்பு நெருப்பின் நிறம், தெற்குத் திசையின் நிறம், கெட்டதை விரட்டுகிற நிறம். கயிறு மட்டும் இல்லை, தன் மிருக வருஷம் முழுக்க இடுப்பு வார், காலுறை, உள்ளாடை வரை சிவப்பில் போடுகிறவர்கள் உண்டு. (பேரனிடம் அதையெல்லாம் கேட்டுவிடாதீர்கள்.) தானே கடையில் வாங்கிக் கட்டுவதைவிட, இன்னொருவர் கையால் கிடைப்பதுதான் விசேஷம் என்பார்கள். அந்த வகையில் உங்கள் பேரனுக்கு முறையாகவே கிடைத்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். தாவோ பூசாரிகளின் சொந்தச் சரக்கு கயிறு அல்ல, மஞ்சள் தாளில் சாதிலிங்கச் சிவப்பில் எழுதித் தருகிற மந்திரச் சீட்டு. கயிறு ஜனங்களின் பழக்கம். ஊதுவத்திப் புகையில் காட்டி வாங்கிக்கொள்வதால் கோவிலுக்குள் வந்த பழக்கம். நம் ஊரில் முத்துமாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். பிள்ளையார் நோன்புக்கு 21 நாளும் நாளுக்கு ஓர் இழையாக எடுத்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் திரியாக்கி, மாவில் வைத்துச் சுடரோடு விழுங்கிவிடுகிறோம். சீனக் கயிறும் அப்படித்தான், அதற்குத் தவணை உண்டு. 2027 பிப்ரவரி 6-ஆம் தேதி ஆட்டு வருஷம் பிறக்கும், அப்போது கழற்றலாம். தவணையே சொல்லாமல் யாராவது விற்றால் அது வெறும் கடைச் சரக்கு.

நம் சாமி கோபிக்குமா என்று கேட்டீர்கள். எங்கள் அப்பச்சி பினாங்கில் கொண்டுவிற்கப் போயிருந்தவர். தைப்பூசத்தில் அங்கே தண்ணீர்மலை முருகன் தேருக்கு முன்னால் சீனர்கள் தேங்காய் உடைப்பதை வாய் ஓயாமல் சொல்வார்கள். இன்றைக்கும் உடைக்கிறார்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோவில் வாசலிலும் சீனர்கள் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். முருகனும் கிருஷ்ணனும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பேரன் கையில் கிடக்கட்டும்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த சிவப்புக் கயிறு குளிக்கும்போது அறுந்துவிட்டது. அபசகுனமா?
- வாசகர், கண்டனூர்

பதில்: இல்லை தம்பி. உனக்கு வர இருந்ததைத் தான் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்றுதான் சீனர்களே சொல்வார்கள். அவர்களுடைய ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் பண்டிகையில் குழந்தைகள் கையில் ஐந்து நிற நூல் கட்டுவது 2-ஆம் நூற்றாண்டு நூலிலேயே இருக்கிற பழக்கம். பண்டிகைக்குப் பிறகு வருகிற முதல் மழையில் அதைத் தாங்களே அறுத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நீ குளியலறையில் விட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

கேள்வி: தங்க நிறத்தில் ஒரு மிருகமும் சிவப்பு மணிகளும் கோத்த கயிறு, கட்டினால் பணம் சேரும் என்று 1,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அந்த மிருகத்தின் பெயர் பீ ஷியூ. தங்கத்தைத் தின்னும், ஆனால் வெளியே போக வழியே கிடையாது என்பது கதை. வரவு மட்டும் உண்டு, பற்றே இல்லை! செட்டிநாட்டில் பிறந்துவிட்டு இப்படி ஒரு பேரேட்டை எப்படி நம்புகிறீர்கள்? ஐந்தொகை எடுத்தால் இடிக்குமே.

சிவப்பு மணி சாதிலிங்கம் என்று சொல்லி விற்றால் கூடுதல் ஜாக்கிரதை. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. சூடுபடுத்தினால் பாதரச ஆவி கிளம்பும். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில், பிள்ளை வாயில் வைத்துச் சப்புகிற மாதிரி மணிக்கட்டில் அதைப் போடவே போடாதீர்கள். அழகுக்குத்தான் ஆசை என்றால் சாதாரணச் சிவப்பு நூல் ஒரு கண்டு வாங்கி, உங்கள் ஆத்தா கையால் கட்டிக்கொள்ளுங்கள். மிச்ச நூல் பூக்கட்ட ஆகும்.