ஹெல்மெட்டும் சின்னம்மாவின் உறுதியும் (கடிதம்)

ஐயா,
பரந்தன் சந்தியில் கடைக்கு 400 மீற்றர் போவதற்குள், பின்னால் இருந்த தங்கச்சிக்கு ஹெல்மெட் இல்லை என்று பொலிஸ் தண்டம் எழுதிவிட்டது. சொந்தக் காணியில் நிற்கும் பனையைத் தறிக்கவும் அனுமதி எடுக்கவேண்டுமாம். இந்தச் சின்னச் சின்னச் சட்டங்களெல்லாம் நியாயமா, தேவைதானா?
கண்டாவளையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

நீங்கள் கடைக்குத்தான் போகிறீர்கள் என்று ஏ9 வீதியில் வருகிற பஸ்ஸுக்குத் தெரியாது. உங்கள் தலையில் ஒன்று இருந்ததாம், தங்கச்சிக்கு இல்லையாம். இதை எழுத வெட்கமாக இல்லையா? பனையா, பங்கருக்கென்று எத்தனை பனையைச் சாய்த்தோம் என்று அப்பாவிடம் கேளுங்கள். மிஞ்சினதுக்கு ஒரு அனுமதி கேட்டால் கேட்கட்டும்.

ஆனால் உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் ஒரு சட்டத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது 2013இல் தொடங்கின கதை. சின்னம்மாவைக் கிளிநொச்சியில் ஒரு நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனேன். மகளின் படிப்புக்காக அரை ஏக்கர் விற்கவேண்டும். அரசாங்கம் பெர்மிட்டில் தந்த காணி அல்ல, தாய் சீதனமாக எழுதிக்கொடுத்த உறுதிக் காணி. அந்த உறுதியை, காணிப் பத்திரத்தை, இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தா. அப்படியும் நந்திக்கடல் தண்ணீர் கீழ்விளிம்பில் மண்ணிறக் கோடு போட்டிருந்தது. நொத்தாரிசு நல்ல மனிதர், கிழிந்துவிடாமல் விரித்து வாசித்தார். "எல்லாம் சரியம்மா, அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கையெழுத்து வைக்கவேணும்."

சித்தப்பாவை, யுத்தம் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலோடு காணவில்லை.

சின்னம்மா உறுதியைப் பழைய மடிப்பிலேயே மடித்தா. "வந்தாப்போல கூட்டிக்கொண்டு வாறன்" என்றா.

தேசவழமை, தம்பி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்தது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடினது) என்று பிரித்து, எங்கள் பெண்களுக்குத் தனிச் சொத்து உண்டு என்று மேடையில் மார்தட்டுகிறோமே, அந்தச் சொத்தில் நிலபுலம் இருந்தால் புருஷன் எழுத்தில் சம்மதம் தராமல் அவள் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. பெண்களை ஆரும் ஏமாற்றாமல் இருக்கத்தானே என்று ஒரு சட்டத்தரணி எனக்கு விளக்கினார். சரி, சித்தப்பா தன் முதுசக் காணியைச் சின்னம்மாவிடம் ஒரு சொல் கேட்காமலே விற்றிருக்கலாமே, அவரை ஏமாற்ற ஆளில்லையா? பதில் இல்லை, தேத்தண்ணி வந்தது.

வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். புருஷன் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். பஸ் காசும் வக்கீல் காசும் ஒரு பக்கம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் பிள்ளைகளையும் புருஷன்மாரையும் கேட்டுக் குந்திய சனத்தோடு குந்தியவ, அவர் எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவ, தன் அரை ஏக்கருக்காக நீதிமன்றத்தில் ஏறி "அவர் எங்கே என்று தெரியாது" என்று தானே சொல்லவேண்டும். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்றே பதிந்து தருகிற சான்றிதழ் 2016இல் வந்தது. அதையும் எடுக்கமாட்டேன் என்கிறா. பிடிவாதம் என்று நானே ஒருநாள் ஏசினேன். ஏசியிருக்கக்கூடாது.

உங்களை ஒரு சட்டம் ஐந்து நிமிடம் மறித்தது, கடிதம் வந்துவிட்டது. சின்னம்மா இதுவரை ஆருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

தண்டக் காசை 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டிவிடுங்கள். வருகிறபோது தங்கச்சிக்கு ஒரு ஹெல்மெட்.