ஜியானைத் தட்டிக் கேக்க ஆளில்லையா?

கேள்வி: மூணாவது படிக்கிற என் பையன் டோரேமான் பைத்தியம். அதுல நோபிட்டா, ஜியான் கிட்ட அடி வாங்கிட்டு அழுதுகிட்டே வீட்டுக்கு ஓடி வந்து எதிர்காலத்துல இருந்து வந்த ரோபோ பூனை டோரேமான் கிட்ட ஏதாவது மெஷின் கேக்கறான். இத பாத்து பாத்து இவனும் யார் அடிச்சாலும் "அம்மா"ன்னு ஓடி வர்றான். பயந்தாங்கொள்ளி ஆயிடுவானோன்னு கவலையா இருக்கு.
- ஒரு அம்மா, ஈரோடு

பதில்: ஓடி வந்து சொல்றான் பாருங்க, அதுக்கே சந்தோஷப்படுங்கம்மா. வாயே தொறக்காம சட்டை கிழிசல மறைச்சுகிட்டு படுத்துக்கிற பசங்கள பத்திதான் கவலப்படணும்.

நோபிட்டா கதைக்கு வருவோம். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1969 கடைசில ஆரம்பிச்ச காமிக்ஸ் அது, டிவிக்கெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. ஜியானோட சட்டம் ஒண்ணே ஒண்ணு, உன்னோடது என்னோடது, என்னோடதும் என்னோடது. நோபிட்டாவும் டோரேமான் பையில இருந்து எதையாவது வாங்கி பழி தீர்க்க பாப்பான், கொஞ்ச நேரம் ஜெயிப்பான், அப்புறம் பேராசப்பட்டு அதே மெஷின்ல தானே மாட்டிப்பான். பாதி கதைங்க இப்படித்தான் முடியும். அதாவது மெஷின வெச்சு ஜியான ஜெயிக்க முடியாதுன்னு அந்தாளு திரும்ப திரும்ப வரைஞ்சுகிட்டே இருந்திருக்காரு, நாம சிரிச்சுட்டு விட்டுட்டோம்.

1974-ல ஒரு கதை வந்துச்சு, டோரேமான் எதிர்காலத்துக்கே திரும்பி போகப்போற கதை. கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல, வெளிய நடக்கறாங்க, நடுவுல நோபிட்டா தனியா நிக்கிற நேரத்துல தூக்கத்துல நடந்து வர்ற ஜியான் எதிர்ல வர்றான். தூக்கத்துல நடக்கறத பாத்துட்டியாடான்னு அவனுக்கு கோவம். நோபிட்டா பழக்கதோஷத்துல டோரேமானன்னு கத்த வாயெடுத்தவன் சட்டுனு தன் வாயையே பொத்திக்கிறான். அந்த ஒரு கட்டம் போதும்மா. இவ்ளோ நாள் கத்தின வாய் அது. அப்புறம் என்ன, செம அடி. ஜியான் அடிச்சுட்டு கிளம்பறான், இவன் எந்திரிச்சு திரும்ப வர்றான், மறுபடி அடி, மறுபடி வர்றான். ஒழுங்கா ஒரு குத்து கூட விடத்தெரியல, ஆனா நானே தனியா ஜெயிக்கலன்னா டோரேமான் நிம்மதியா போக முடியாதுன்னு சொல்லி புடிச்சா புடிச்ச புடியா தொங்கறான். கடைசில ஜியானே வலிக்குதுடா, விட்டுடுடா, நான் தோத்துட்டேன்னு போயிடறான். முகமெல்லாம் வீங்கிப்போய் நிக்கிறவன டோரேமான் வீட்டுக்கு கூட்டிட்டு வந்து படுக்க வெச்சு பக்கத்துலயே உக்காந்திருக்கும், விடிஞ்சு பாத்தா டோரேமான் இல்ல.

சரி, ஜியான் திருந்திட்டானான்னு கேப்பீங்க. எங்க! அடுத்த கதையிலயே ஏப்ரல் ஃபூல் அன்னிக்கு "டோரேமான பாத்தேன்டா"ன்னு பொய் சொல்லி நோபிட்டாவ ஓட விட்டு ஏமாத்துவான்.

கேள்வி: ஸ்பைடர்மேனுக்கு அவ்ளோ பலம் இருக்கே, ஸ்கூல்ல கிண்டல் பண்ற ஃப்ளாஷ் தாம்சன ஒரே அறையில முடிச்சிருக்கலாமே சார்?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அறைஞ்சான் தம்பி. (தமிழ்ல லயன் காமிக்ஸ்ல வந்த ஸ்பைடர் வேற ஆளு, அத சொல்லலன்னா சீனியர் வாசகர்கள் லெட்டர் போடுவாங்க.) 1962-ல முதல் கதையிலேயே ஃப்ளாஷ் வந்துட்டான். 1964 ஜனவரி இதழ்ல ரெண்டு பேரையும் கிளவுஸ் மாட்டி பாக்ஸிங் ரிங்ல ஏத்தி விட்டாங்க. பீட்டர், அதாவது மாஸ்க் போடாத ஸ்பைடர்மேன், பாத்து பாத்து மெதுவாத்தான் அடிச்சான், அதுக்கே ஃப்ளாஷ் பறந்து போய் விழுந்தான். என்ன லாபம்? அவன் தலைய திருப்பின நேரம் பாத்து அடிச்சுட்டான்னு பீட்டருக்கே கெட்ட பேரு. இதுல கூத்து என்னன்னா ஃப்ளாஷ் ஸ்பைடர்மேனோட பெரிய ரசிகன், மாஸ்க் போட்டா தலையில வெச்சு கொண்டாடுவான், கழட்டினா நக்கல் பண்ணுவான்.

கேள்வி: கால்வின் அண்ட் ஹாப்ஸ் காமிக்ஸ்ல, சின்னப் பையன் கால்வின ஸ்கூல்ல போட்டு அடிக்கிற மோ ஏன் வேற மாதிரி எழுத்துல பேசறான்?
- வாசகி, சென்னை

பதில்: கவனிச்சிருக்கீங்களே! மத்தவங்க பேசறது எல்லாம் ஒரு எழுத்து, மோ பலூன்ல மட்டும் கோணல்மாணலா. அவன் பேச்சே நாலு வார்த்தைதான். கால்வின் பெரிய பெரிய வார்த்தையா போட்டு வாருவான், மோவுக்கு ஒண்ணும் புரியாது, குத்து மட்டும் கரெக்டா விழும். 1985-ல இருந்து 95 வரைக்கும் வந்த ஸ்ட்ரிப்ல கால்வின் மோவ அடிச்சு ஜெயிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. அத வரைஞ்ச வாட்டர்ஸன் அந்த ஆறுதல கூட குடுக்கல, அதனாலதான் எனக்கு அவர புடிக்கும்.

கேள்வி: அப்போ அடிச்சு ஜெயிக்கிற காமிக்ஸே இல்லையா?
- ஒரு ஜிம் பார்ட்டி, சேலம்

பதில்: ஏன் இல்ல, அது ஒரு விளம்பரம்! பழைய அமெரிக்க காமிக்ஸ் புக்ல சார்லஸ் அட்லஸ்னு ஒருத்தர் உடம்பு ஏத்தற தபால் கோர்ஸ் வித்தாரு. 97 பவுண்டு, அதாவது 44 கிலோ நோஞ்சான் ஒருத்தன் பீச்சுல கேர்ள்ஃப்ரெண்டோட உக்காந்திருப்பான், தடியன் ஒருத்தன் வந்து மூஞ்சில மண்ண எத்திட்டு போவான். பையன் வீட்டுக்கு போய் கோவத்துல நாற்காலிய ஒரு உதை விட்டு, ஸ்டாம்ப் ஒட்டி புக் வரவழைச்சு, உடம்ப ஏத்திகிட்டு திரும்ப போய் தடியன ஒரே குத்து. அட்லஸோட நிஜப்பேரு ஆஞ்சலோ சிசிலியானோ, இத்தாலில பொறந்தவரு, தனக்கே கோனி ஐலண்டு பீச்சுல இப்படி நடந்ததா சொல்லிக்கிட்டாரு. எனக்கு அதுல நம்பற மாதிரி இருக்கறது அந்த நாற்காலி மட்டும்தான்.

கேள்வி: நீங்க யாரையாவது எதிர்த்து நின்னிருக்கீங்களா? உண்மைய சொல்லணும்.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஏழாவதுல பின் பெஞ்சுல ஒருத்தன் தினம் என் ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்து காம்பஸ எடுத்து என் முதுகுலயே குத்துவான். மூணு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு டயலாக் ரெடி பண்ணேன், நாலாவது நாள் எந்திரிச்சு "டேய்"னு சொன்னதுமே தொண்டை அடைச்சு கீச்சுன்னு ஒரு சத்தம்தான் வந்துச்சு, கிளாஸே சிரிச்சுது, அவன் கூடுதலா ரெண்டு குத்து குத்தினான். அடுத்த வாரம் அவன திடீர்னு 'பி' செக்ஷனுக்கு மாத்திட்டாங்க, நம்ம 'டேய்'க்கு பயந்துட்டான்னு ரொம்ப வருஷம் நெனச்சுகிட்டு இருந்தேன். எங்க அக்கா கல்யாணத்தப்பதான் தெரிஞ்சுது, என் பனியன்ல ரத்தப்புள்ளிய பாத்துட்டு அவதான் டீச்சர் கிட்ட போய் சொல்லியிருக்கா.