யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கும் இளையோருக்குமான உளநலச் சேவையை எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்?

யாழ்ப்பாணத்தில் சிறுவர்களுக்கெனத் தனியான உளநல வைத்தியசாலை ஒன்றைக் கட்டினால் நிலைமை சீராகுமா என்றும், அதுவரை ஒரு பெற்றோராகத் தாம் என்ன செய்வது என்றும் கேள்வியைப் பதிந்தவர் கேட்டிருக்கிறார். நான் மருத்துவர் இல்லை. வடமராட்சியில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டு, கடைசிப் பதினொரு ஆண்டுகள் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். ஆகையால் பாடசாலைப் படலையிலிருந்து கிளினிக் வாங்கு வரை உள்ள தூரத்தைப் பற்றித்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

சேவை அறவே இல்லை என்று சொல்வது சரியன்று. யாழ். போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் விடுதி இருக்கிறது. வடமராட்சியாருக்கு மந்திகையில் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குப் போனால் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று பலர் இருக்கிறார்கள். பாடசாலையில் என்னைப் போல ஒருவர் இருப்பார். இவர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் குறையொன்றும் இல்லாததுபோலவே தோன்றும். ஆனால் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. பிள்ளையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனையைச் செய்யும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மாகாணத்தின் கீழ் இருக்கிறது. தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு, மற்றைய பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களம். பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள் வேறு அமைச்சுகளுக்குப் பதில் சொல்கிறவர்கள். ஒரு பிள்ளை இவர்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எவருடைய கடமையாகவும் எழுதப்படவில்லை.

பத்தாம் தரத்தில் படித்த ஒரு மாணவியின் கதையைச் சொல்லுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் அவளுக்கு வயிற்று வலி வந்தது. தாயார் மூன்று முறை வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுபோய் வயிற்றெரிவு மருந்து வாங்கிக் கொடுத்தார். பிறகு அவள் இரவில் நித்திரை கொள்ளாமல் வகுப்பில் மேசையில் சாய்ந்து கிடக்கத் தொடங்கியதும் வகுப்பாசிரியர் என்னிடம் அனுப்பினார். பல நாள் பேசிய பிறகே, சாப்பிட மனமில்லை, எழும்ப மனமில்லை, தான் இருப்பதால் வீட்டுக்குப் பாரம் என்று வாய் திறந்தாள். நான் ஒரு கடிதம் எழுதித் தாயாரிடம் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பினேன். முதல் தரம் போனார்கள். மருத்துவர் பொறுமையாகவே கேட்டாராம். அடுத்த திகதியில் வகுப்பில் தவணைப் பரீட்சை இருந்தது. அதற்கடுத்த திகதியை யாரும் கேட்கவில்லை. பாடசாலைக்கு மருத்துவர் எழுதிய குறிப்பு தாயாரின் கைப்பையிலேயே நான்கு மாதம் கிடந்தது.

“ரீச்சர், இதை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அதிபரிட்டைக் குடுத்தால் எல்லாருக்கும் தெரிஞ்சு போகும், பொம்பிளைப் பிள்ளை” என்று அவர் பிறகு சொன்னபோது, அவரிலே கோபிக்க என்னால் முடியவில்லை. கிளினிக்குப் போனார்கள்தானே என்ற நிம்மதியில் நானும் வேறு பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே நின்றுவிட்டாள்.

இதில் மருத்துவர் தவறு செய்யவில்லை, தாயார் தவறு செய்யவில்லை, நான் செய்தது கொஞ்சம் தவறு. ஆனால் பிள்ளையின் பெயர் யாருடைய பதிவேட்டிலாவது இருந்து, அந்தத் திகதிக்கு அவள் வராதபோது ஒருவர் வீட்டுக்குப் போன் எடுத்திருந்தால் கதை வேறாயிருக்கும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். யாழ். மாவட்டத்தில் பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் பிள்ளைகளின் தொடர் கவனிப்புக்கென்றே ஒருவரை நியமித்து, பாடசாலை அனுப்பிய பிள்ளை கிளினிக்குக்குப் போனதா, கிளினிக் மறுபடி வரச்சொன்ன பிள்ளை வந்ததா என்று பார்ப்பதை மட்டும் அவருடைய வேலையாக வைத்தால், அதுவே நான் கேட்கும் முதல் திருத்தம். இதற்குப் புதிதாக ஆள் எடுக்கவேண்டும் என்றுகூட இல்லை. இருக்கிற உத்தியோகத்தர்களில் ஒருவரை மற்றைய வேலைகளிலிருந்து விடுவித்தாலே போதும். குறிப்பு பாடசாலைக்குத் திரும்பி வரும்போது நோயின் பெயர் அதில் இருக்கத் தேவையில்லை; காலை முதற்பாடத்துக்குப் பிந்தி வர அனுமதியுங்கள், இரண்டு மாதத்துக்கு வீட்டுவேலையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் செய்யவேண்டியதை மட்டும் எழுதினால், தாயார் அஞ்சியதற்கும் இடமிராது.

இப்படியான ஆட்கள் முன்பு இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகும் 2009 இல் போர் முடிந்த பிறகும், திட்ட நிதியில் பயிற்சி பெற்ற சமுதாய உளநலப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். திட்டம் முடிந்ததும் பலருடைய வேலையும் முடிந்தது. வீட்டு ஒழுங்கைகளையும் குடும்பங்களின் கதைகளையும் அறிந்திருந்த அந்த ஆட்களை நிரந்தர ஆளணிக்குள் எடுக்காமல் விட்டது, கட்டடம் ஒன்றை இடித்ததைவிடப் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். எங்கள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் நேர்ந்த காயமாகப் பார்க்கவேண்டும் என்று நெடுங்காலமாக எழுதியும் பேசியும் வந்தவர். 2009 இல் போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரம் எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஷெல் சத்தம் அவர்கள் கேட்டதில்லை, ஆனால் அதைக் கேட்டவர்களின் மடியில் வளர்ந்தார்கள். அதற்காக எல்லாவற்றையும் போரின் தலையில் போடவும் கூடாது. பத்து வயதிலேயே புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று விடியவும் மாலையிலும் ரியூசனுக்கு ஓடுகிற பிள்ளைக்கும், தகப்பன் வெளிநாட்டிலிருந்து போன் திரையில் மட்டும் தெரிகிற பிள்ளைக்கும், வீட்டில் நுண்கடன்காரர் வந்து வாசலில் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கும், பாக்குத் துண்டில் தொடங்கி ஐஸ் என்ற போதைப்பொருள் வரை போன பொடியனுக்கும் துன்பத்தின் வேர் வேறு வேறு.

அடுத்தது கிளினிக்கின் நேரமும் இடமும். காலையில் இலக்கம் எடுத்து, நீண்டகாலமாக நோயுற்றிருக்கும் பெரியவர்களுடன் ஒரே வாங்கில் பதினான்கு வயதுப் பிள்ளையை இருத்தினால், அது தன்னுடைய எதிர்காலம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பும். இந்த வயதுக்காரருக்கு உரிய இடம் எளிதில் கிடைப்பதில்லை. சிறுவர் விடுதிக்கு வளர்ந்தவர், பெரியோர் விடுதிக்குச் சிறியவர். வாரத்தில் ஒரு நாளாவது, பாடசாலை விட்ட பிறகு, பிற்பகலில், தனி அறையில் இளையோருக்கான கிளினிக் நடத்தினால் பாடமும் தப்பும், பயமும் குறையும். நெடுந்தீவுப் பிள்ளைக்கோ படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் வர ஒரு முழுநாள் போய்விடும். தாயாருக்கு ஒரு நாள் கூலியும் போய்விடும். தீவகத்துக்கு மருத்துவக் குழு மாதமொருமுறை போவதும், இடையில் காணொளி அழைப்பில் பார்ப்பதும் செய்யக்கூடாதவை அல்ல.

பாடசாலையைப் பற்றி நான் கொஞ்சம் கசப்போடுதான் பேசவேண்டியிருக்கிறது. எனக்குத் தரப்பட்ட ஆலோசனை அறை, பாதி விளையாட்டுப் பொருள்கள் அடுக்கிய அறை; கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வரலாற்றுப் பாடவேளைகள் ஒன்றும் குறைக்கப்படவில்லை. ஆகையால் இடைவேளையில் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகளின் கண்ணீரைக் கேட்டேன். மறுபுறம் விழிப்புணர்வுக் கருத்தரங்கு என்று மங்கள விளக்கேற்றி, விருந்தினருக்கு மாலை போட்டு, அறுநூறு பிள்ளைகளை வெயிலில் இருத்தி மன அழுத்தம் பற்றிப் பேசுவதற்கு எப்போதும் நேரம் கிடைத்தது. அந்த ஒரு நாள் செலவில் அறைக்குத் தாழ்ப்பாளும் திரைச்சீலையும் வாங்கியிருக்கலாம். பிள்ளையின் நிலையை முதலில் மதிப்பிட இருபத்தைந்தே கேள்விகள் கொண்ட வலிமைகளும் இடர்ப்பாடுகளும் வினாக்கொத்து தமிழில் இருக்கிறது. ஆசிரியரும் பெற்றோரும் தனித்தனியாக நிரப்பலாம். அது நோயைத் தீர்மானிக்கும் கருவி அன்று. ஆனால் சத்தம் போடுகிற பொடியனை மட்டுமே பிரச்சினையாகப் பார்த்து, மூலையில் மௌனமாக வாடுகிற பிள்ளையைத் தவறவிடும் எங்கள் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து. மனநோய்களில் மூன்றிலொரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளும் பாதியளவு பதினெட்டு வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையை நாளாந்தம் ஆறு மணித்தியாலம் பார்க்கிறவர் ஆசிரியர்தான்.

வெட்கம் பற்றிய பேச்சை நான் நீட்டப்போவதில்லை. மனநோய் வைத்தியசாலை இருப்பதற்காக அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கியவர்கள் நாங்கள். தெல்லிப்பழைக்குப் போகிறோம் என்றால், புற்றுநோய் வைத்தியசாலையும் அங்கேயே இருப்பதால், எதற்கென்று கேட்காமலே முகம் மாறும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் நூல் கட்டிவிட்டுக் கிளினிக்குக்கு வருகிற தாயாரை ஏசி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை. நூலும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்று சொன்ன மருத்துவரிடம்தான் அந்தத் தாய்மார் திரும்பி வந்தார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறதா என்று ஒரு பிள்ளையிடம் நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்ற பயம் ஆசிரியர்களிடமும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை, கேட்டவுடன் பல பிள்ளைகள் பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். பொலிஸ் வழக்கு ஆகிவிடும் என்று மறைக்கிற குடும்பங்களும் உண்டு; தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 இலிருந்து குற்றம் அன்று. தோட்டக்காரர் வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வைப்பதும், மாத்திரைகளைப் பெரியவர் கையில் வைத்திருப்பதும் மிகச் சாதாரண காரியங்கள்போலத் தெரியலாம். ஆனால் மிக நச்சான பூச்சிமருந்துகளை 1990களில் தடைசெய்த பிறகே இந்த நாட்டின் தற்கொலை வீதம் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகியது.

ஆகவே தனி வைத்தியசாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வந்தால் மகிழ்வேன். ஆனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தொடர் கவனிப்பு ஆளையும், பிற்பகல் கிளினிக்கையும், ஆசிரியருக்குக் குறைக்கப்பட்ட பாடவேளையையும் முதலில் கேட்பேன். கட்டடம் திறந்திருந்தாலும் அந்த மாணவியைப் பற்றிய மருத்துவரின் குறிப்பு தாயாரின் கைப்பையில்தான் கிடந்திருக்கும்.

நீங்கள் பெற்றோராகக் கேட்டதற்கு வருகிறேன். அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற ஐயம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தொலைபேசியோடு நிற்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கே கொண்டுபோங்கள். அவசரமில்லை என்றால், கிளினிக்குக்குப் போகும் முன் அரைப்பக்கத் தாளில் எப்போது தொடங்கியது, நித்திரையும் சாப்பாடும் எப்படி, பாடசாலைக்கு எத்தனை நாள் போகவில்லை, வீட்டில் அண்மையில் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் மருத்துவர் முன் இருக்கும் சில நிமிடங்களில் தாய்மாருக்கு அழுகைதான் முதலில் வரும். பிள்ளையைக் கொஞ்ச நேரம் தனியாகப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் மட்டும் விடாமல், சமையலறை நாட்காட்டியிலும் எழுதி, பாடசாலையில் நீங்கள் நம்புகிற ஒரேயொரு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். அவர் என்னைப் போல அசட்டையாய் இருந்துவிட்டால், அடுத்த நாளே போய் நீங்களே கேளுங்கள்.