சி.டி.ஏ.வுக்கான 120 மணி நேரப் பயிற்சியை முடித்தும் ஊக்கத்தொகை வரவில்லை என்றால்

ஊக்கத்தொகை கேட்டு நீங்கள் அனுப்பியது பயிற்சியை முடித்ததற்கான தாள். அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்பு மையப் பணியாளர்களின் படிப்புக்கு உதவும் டீச் (T.E.A.C.H.) உதவித்தொகைத் திட்டம் ஊக்கத்தொகைக்குக் கேட்பது சி.டி.ஏ. (CDA) என்ற குழந்தை வளர்ச்சித் தகுதிச் சான்றிதழாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

தாளில் வழங்கியவராக யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி நிறுவனத்தின் பெயர் என்றால் இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். 480 மணி நேரப் பணி அனுபவம், தொகுப்புக் கோப்பு (உங்கள் பயிற்சி, பணி பற்றிய ஆவணங்களின் தொகுப்பு), வகுப்பறையில் நேரடி மதிப்பீடு, தேர்வு எல்லாம் முடிந்த பிறகே அமெரிக்காவின் தொழில்முறை அங்கீகாரக் கவுன்சில் (Council for Professional Recognition) சி.டி.ஏ. வழங்கும். தொகுப்புக் கோப்பில்தான் பலர் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். அதை இன்றே தொடங்குங்கள்.

கோபத்தில் வேலையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். உதவித்தொகை பெறும்போது, இப்போது வேலை செய்யும் அதே மையத்தில் குறிப்பிட்ட காலம் தொடர்வதாகக் கையெழுத்திட்டிருப்பீர்கள். ஊக்கத்தொகையின் அளவும் அந்தக் காலமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.